லேபிள் இல்லாத கரப்பான் களிம்பை வாங்காதீர்கள்

கொடைக்கானல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு வருகிறவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். சந்தைக்கு வெளியே ஒருவர் சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் வெள்ளைக் களிம்பு விற்கிறார். மலை மூலிகையாம், தோலில் அரிப்போடு வரும் எந்தக் கரப்பானுக்கும் கேட்குமாம். டப்பாவில் என்ன சேர்த்திருக்கிறது என்றும் இல்லை, உரிம எண்ணும் இல்லை. போன மார்கழியில் 250 ரூபாய் வீதம் மூன்று டப்பா வாங்கினேன்.

நாங்கள் பூம்பாறைப் பக்கம். பூண்டு உரித்து உரித்து என் இடது கையில் பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. ஆறு வயது மகளுக்கு முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும் சொறி. வீட்டுக்காரருக்குத் தொடையில் வட்டமாக ஒரு படை. அந்த ஆள் என் விரலைக்கூடத் திருப்பிப் பார்க்கவில்லை. "எல்லாம் ஒரே கரப்பான்தான்க்கா, ரெண்டு வேளை தடவுங்க" என்றார்.

இரண்டே நாளில் மூன்று பேருக்கும் அரிப்பு நின்றது. அதனால்தான் நம்பினேன். பக்கத்து வீட்டு அக்காவையும் வாங்க வைத்தேன், அதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை. இரண்டு மாதம் கழித்து டப்பா தீர்ந்தது, நாலாம் நாளே எல்லாம் இரட்டிப்பாகத் திரும்பி வந்தது. மகளின் கன்னத்திலும் தடவியிருந்தேன். அங்கே தோல் மெலிந்து, சிவந்து, ரத்தக் குழாய்கள் நூல் நூலாகத் தெரிந்தன. வீட்டுக்காரருக்கு இரண்டு தொடையிலும் பரவிவிட்டது.

திண்டுக்கல்லில் தோல் மருத்துவர் கன்னத்தைப் பார்த்ததுமே, அரிப்பையும் சிவப்பையும் சட்டென்று அடக்கும் வீரியமான ஸ்டீராய்டு மருந்து கலந்திருக்க வேண்டும் என்றார். இப்படிப்பட்ட களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு விதியை இறுக்கியிருக்கிறது.

கரப்பானைத்தான் மருத்துவர் எக்ஸிமா என்கிறார். எனக்கு வந்தது, பட்ட பொருளால் வரும் எக்ஸிமா. பூண்டை இடது கையில் பிடித்து வலது கையால் உரிப்பதால் அந்த மூன்று விரல் நுனியில் வருமாம். மெல்லிய கையுறையைத் தாண்டியும் பூண்டுச் சாறு உள்ளே போகும். மகளுக்கு இருப்பது பரம்பரையாக, இளைப்பு, தும்மல் உள்ள குடும்பங்களில் அதிகம் வருகிற அடோபிக் எக்ஸிமா. என் மாமனாருக்கு இளைப்பு உண்டு. வீட்டுக்காரருடையது எக்ஸிமாவே இல்லை, படர்தாமரை. அது பூஞ்சை. ஸ்டீராய்டு அரிப்பை அடக்கிவிட்டு, பூஞ்சையை உள்ளே வளரவிடும். காசு வட்டத்தில் வருகிற எக்ஸிமாவும் பார்வைக்கு அப்படியேதான் இருக்கும் என்பதால், தோலைச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் பார்த்த பிறகே மருந்து எழுதினார். உள்ளங்கையில் ஜவ்வரிசி போல நீர்க்கொப்புளம் வருவதும், நரம்பு சுருண்ட காலில் கணுக்காலுக்கு மேல் கறுத்து அரிப்பதும்கூட வேறு வேறு வகை எக்ஸிமாதானாம்.

ஸ்டீராய்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. மகளின் கை கால் மடிப்புக்கு மருத்துவரே வீரியம் குறைந்த ஒன்றை, இத்தனை நாள் என்று எண்ணித்தான் கொடுத்தார். அதைவிட முக்கியமாக அவர் சொன்னது குளியல். இந்தக் குளிருக்கு விறகடுப்பில் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சி ஊற்றுகிறோமே, அது தோலில் உள்ள எண்ணெய்ப் பசையையே எடுத்துவிடும். இப்போது வெதுவெதுப்பான நீர்தான். துடைத்த ஈரம் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர் தடவிவிடுகிறேன்.

அந்த ஆள் இன்னும் சந்தைக்கு வருகிறார். ஏற்கெனவே பல வாரமாகத் தடவிக்கொண்டிருப்பவர்கள் டப்பாவைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் எங்களுக்கு வந்தது போலவே பொங்கி வரலாம். அதைக் கையோடு எடுத்துக்கொண்டு இந்த வாரமே தோல் மருத்துவரைப் பாருங்கள்.