சுடுதண்ணிப் பை: எட்டு வருசமா என்ர வயித்துக்குத்தோட கிடந்த சாமான்

2017 ஐப்பசியில யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி வீதியில ஒரு பாமசிக்குள்ள போய் "ஐயா, ஹொட் வோட்டர் பாக் இருக்கோ" எண்டு கேட்டன். கவுண்டரில நிண்ட வயசுபோன ஐயா "ஆருக்குப் பிள்ளை, நாரி நோவுக்கோ" எண்டார், நான் "ஓம் ஐயா, அம்மாக்கு" எண்டு பொய் சொன்னன். அம்மாக்கு ஒரு நோவும் இல்லை. எனக்குத்தான் அண்டைக்கு பீரியட்ஸ் முதல் நாள், ஸ்கூட்டியை றோட்டுக் கரையில விட்டிட்டு அந்தக் கடைப் படி ரெண்டையும் ஏறவே கால் நடுங்கினது. அண்டைக்கு 600 ரூபாக்குக் கிட்டக் குடுத்து வேண்டின சிவப்பு இறப்பர் பையில இருந்து இப்ப பாவிக்கிற பை வரைக்கும் எட்டு வருசம் ஆகுது, போன கிழமை புதுசு ஒண்டு வேண்டேக்க 1,900 ரூபா, அதோட நிண்டு கொஞ்சம் வடிவா எழுதிப் போடுவம் எண்டு யோசிச்சன்.

முதல்ல நோ எப்பிடி எண்டு சொல்லவேணும், இல்லாட்டி ஒரு இறப்பர் பைக்கு நான் ஏன் இவ்வளவு எழுதுறன் எண்டு விளங்காது. பீரியட்ஸ் நோ எண்டா அடிவயித்தில கொஞ்சம் கடுக்கும், ஒரு பனடோல் போட்டா சரி எண்டுதான் கனபேர் நினைக்கினம். எனக்கு அடிவயித்தில தொடங்கி நாரியைச் சுத்திப் பிடிச்சுக்கொண்டு தொடை ரெண்டுக்குள்ளயும் இறங்கும், ஓங்காளிச்சுச் சத்தி எடுக்கும், அதோடயே வயித்தால போகும், முகம் வெளிறி வேர்த்து ஒழுகும், நிக்கவும் ஏலாது இருக்கவும் ஏலாது. ஏஎல் படிக்கேக்க பள்ளிக்கூட ரொய்லெட்டில சீமெந்துத் தரையில கன்னத்தை வச்சுக்கொண்டு ஒரு பாடம் முழுக்கப் படுத்துக் கிடந்திருக்கிறன், தரை குளிரா இருந்தது, அது ஒண்டுதான் அப்ப சுகம்.

வீட்டில ஒண்டும் செய்யாம விடேல்லை. அம்மம்மா வேர்க்கொம்பும் மல்லியும் அவிச்சுப் பனங்கட்டியோட தருவா, ஓமத்தண்ணி தருவா, குடிக்க இதமா இருக்கும், நோ இருந்த இடத்திலயே இருக்கும். அம்மா எண்டா "சாமத்தியப்பட்ட நேரம் நல்லெண்ணெயும் முட்டையும் ஒழுங்காக் குடிச்சிருந்தா நாரி பலமா இருந்திருக்கும், நீ எங்க குடிச்சனீ" எண்டு ஏசுவா. கடைசியில எல்லாரும் வந்து நிக்கிற இடம் ஒண்டுதான்: கலியாணம் கட்டி ஒரு பிள்ளை பிறந்தா எல்லாம் சரியாப் போம்.

மகள் 2019இல பிறந்தவா. லேபர் றூமில மிட்வைஃப் மிஸ் பாத்திட்டு "4 சென்ரிமீற்றர் திறந்திட்டுது, நோ தாங்குறீங்களோ மகள்" எண்டு கேட்டா, எனக்கு அந்த நேரம் அழுகை வந்திட்டுது, நோவால இல்லை, இந்த நோவை எனக்கு முதலே தெரியும் எண்டதால. இதுக்குள்ளால நான் மாசாமாசம் போய் வந்துகொண்டிருந்திருக்கிறன், வந்து அடுத்த நாள் வேலைக்கும் போயிருக்கிறன். கடைசி ரெண்டு மணித்தியாலம் வந்தது வேற, அதை ஒண்டோடயும் ஒப்பிட மாட்டன், உள்ளதைத்தான் சொல்லவேணும். ஆனா அந்த 4 சென்ரிமீற்றர் வரைக்கும் வந்த குத்து என்ர மாசக் குத்துத்தான், சொல்லப்போனா பிள்ளைப்பேத்து நோ விட்டுவிட்டு வரும், நடுவில மூச்சு விட நேரம் தரும், மாசக் குத்து சில வேளை அந்த இடைவெளியையும் தராது.

இது மனப்பிரமை இல்லை எண்டு பிறகுதான் டொக்டர் ஒராள் விளங்கப்படுத்தினா. கர்ப்பப்பை எண்டுறது தசை. பீரியட்ஸ் வரேக்க அதின்ர உள்சுவர் கழண்டு போக புரொஸ்டாகிளாண்டின் எண்ட சாமான் அங்க சுரக்கும், அது தசையைச் சுருக்கும், கூடச் சுரந்தா கூடச் சுருங்கும், சுருங்கேக்க தசைக்கு இரத்தம் போறது குறையும், அப்பதான் அந்தப் பிடிச்ச நோ. அதே சாமான் குடலையும் முறுக்கிறதாலதான் சத்தியும் வயித்தாலையும். பிள்ளை பிறக்க நாள் பிந்தினா ஆஸ்பத்திரியில நோ வரப்பண்ண வைக்கிற மருந்தும் இந்தப் புரொஸ்டாகிளாண்டின் குடும்பத்துச் சாமான்தான் எண்டா. அதைக் கேட்டோடன எனக்கு நெஞ்சில இருந்து ஒரு பாரம் இறங்கினது. பிள்ளைப்பேத்து நோ மாதிரி இருக்கு எண்டு நான் பதினேழு வயசில சொல்லேக்க "நீ என்ன பிள்ளை பெத்துப் பாத்தனியோ" எண்டு கேட்டுச் சிரிச்ச ஆக்கள் எல்லாரையும் அந்த றூமுக்குள்ள கூட்டிக்கொண்டு வரவேணும் போல கிடந்தது.

சரி, பைக்கு வாறன். சூடு உண்மையா வேலை செய்யுது. 2001இல வந்த ஒரு ஆராய்ச்சியில 38.9 பாகை செல்சியஸில சூடு பிடிக்கிற ஒட்டுப்பட்டியை வயித்தில கட்டின பெண்களுக்கும் இபுபுரோஃபன் குளிசை போட்ட பெண்களுக்கும் நோ கிட்டத்தட்ட ஒரே அளவுக்குக் குறைஞ்சிருக்கு. கவனியுங்கோ, 38.9தான், காய்ச்சல்காரன்ர உடம்புச் சூடு. நான் தொடக்கத்தில கொதிக்கக் கொதிக்க ஊத்தித் தோலைப் பொசுக்கினதுதான் மிச்சம்.

நான் இப்ப செய்யிறது இப்பிடி. கேத்தில் கொதிச்சோடன நிப்பாட்டிப் போட்டு அஞ்சு நிமிசத்துக்குக் கூட விடுறது, பேந்து பையைச் சிங்குக்குள்ள கழுத்தில பிடிச்சுக்கொண்டு மூண்டில ரெண்டு பங்குதான் ஊத்துறது, நிரப்பப்படாது. ஊத்தினாப் பிறகு பையை மேசையில படுக்கப்போட்டுக் கழுத்தை மட்டும் நிமித்தி மெல்ல அமத்தினா உள்ளுக்க நிக்கிற காத்து "புஸ்" எண்டு போய்த் தண்ணி வாய் விளிம்புக்கு வந்து நிக்கும், அந்த நேரம் மூடியை இறுக்கவேணும், இறுக்கிப்போட்டு ஒருக்காத் தலைகீழாப் பிடிச்சுப் பாக்கவேணும். காத்து நிண்டா பை பந்து மாதிரி உருளும், வயித்தில படியாது. ஒரு துவாயால சுத்தி அடிவயித்தில இருவது நிமிசம், பேந்து நாரிக்குக் கீழ. வரி வரியா இருக்கிற பக்கம் தோலுக்கு, வழுவழுப்பான பக்கம் வெளியால, இது என்ர பழக்கம், மற்றப் பக்கம் சூடு கூடத் தெரியும். நித்திரை கொள்ளேக்க மட்டும் வச்சுக்கொண்டு படுக்காதேங்கோ, நோ குறைஞ்ச களைப்பில நித்திரை அடிச்சுக்கொண்டு போகும், தோல் வெந்தாலும் தெரியாது.

கரண்டில சூடாகிற ஜெல் பையும் ஒண்டு எடுத்துப் பாத்தனான், ஒன்லைனில ஓடர் பண்ணினது, எந்த இடம் எண்டு சொல்லேல்லை. பத்து நிமிசத்தில சூடாகுது, தண்ணி ஊத்துற வேலை இல்லை, ஒஃபிசுக்குக் கொண்டு போகவும் நல்லம், ஆனா நாலாவது மாசம் சார்ஜ் போட்டிருக்கேக்க தையல் பக்கம் பலூன் மாதிரி ஊதி ஒழுகத் தொடங்கிட்டுது, நல்ல காலம் மகள் கிட்ட இல்லை. அதுக்குப் பிறகு தொடேல்லை. 2022இல அது இருந்தும் பிரயோசனம் இருந்திராது, பங்குனி மாசக் கடைசியில 13 மணித்தியாலம் கரண்ட் நிண்டது ஞாபகம் இருக்குமெல்லோ, காஸும் இல்லை. அந்த முறை எனக்கு இரவு ரெண்டு மணிக்குக் குத்துத் தொடங்கினது, நான் பல்லைக் கடிச்சுக்கொண்டு கட்டில் சட்டத்தைப் பிடிச்சுக்கொண்டு கிடக்கிறன், மாமி ஒரு கதை கேக்கேல்லை, ரோச் லைற்றையும் எடுத்துக்கொண்டு பின்வளவுக்குப் போய் மூண்டு கல்லு வச்சு பொச்சுமட்டையை மூட்டித் தண்ணி காய வச்சுப் புகை மணக்க மணக்கப் பையை நிரப்பிக் கொண்டந்து துவாயால சுத்தி என்ர நாரிக்குக் கீழ வச்சா. வச்சுப்போட்டு "எனக்கும் உப்பிடித்தான் பிள்ளை இருந்தது, நான் ஒருத்தரிட்டயும் சொல்லேல்லை" எண்டா. கலியாணம் கட்டி வந்து அஞ்சு வருசத்துக்குப் பிறகு அண்டைக்குத்தான் அவா அதைச் சொன்னவா.

இப்ப பையில இருக்கிற குறையைச் சொல்லுறன், இதுதான் நான் எழுத வந்த விசயம். பை நோவை அமத்தும், நோ ஏன் வருது எண்டு சொல்லாது. அமத்தி அமத்தி நான் அஞ்சு வருசம் இந்த நோவுக்கெண்டு ஒரு விஓஜியிட்டயும், அதுதான் பெண்நோய் ஸ்பெஷலிஸ்ட் டொக்டரிட்டயும், போகேல்லை. முந்தி ஒருக்கா ஒரு தனியார் இடத்தில காட்டினனான், அங்க இருந்தவர் தலை நிமித்திப் பாக்காமலே "பொம்பிளையளுக்கு உது வாறதுதானே" எண்டு பனடோல் எழுதித் தந்தார், அதோட வெக்கப்பட்டு விட்டிட்டன். பிறகு 2022 கடைசியில வேறொரு விசயத்துக்கு வேற டொக்டரிட்டப் போகேக்க அவா வயித்தை அமத்திப் பாக்கச் சட்டையைத் தூக்கினவா அப்பிடியே நிண்டிட்டா. அடிவயித்துத் தோலில மண்ணிறத்தில மீன்வலை விரிச்சுவிட்ட மாதிரி அடையாளம். நான் அதைத் தேமல் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தனான். "எவ்வளவு காலமா இதில சூடு வைக்கிறீங்கள்" எண்டு கேட்டா. அதுக்கு எரித்தீமா அப் இக்னே எண்டு பேர், ஒரே இடத்தில திரும்பத் திரும்பச் சூடு படுற ஆக்களுக்கு வாறது, முந்தின காலத்தில அடுப்புக்குக் கிட்ட இருந்து குளிர் காயிற ஆக்களுக்குக் காலில வருமாம். அஞ்சு வருசம் எண்டன். அவா பேனையை வச்சுப்போட்டு "அஞ்சு வருசம் இப்பிடி நொந்ததுக்கு ஒருத்தரும் ஸ்கான் எடுக்கேல்லையோ" எண்டு கேட்டா. வாயால நான் சொல்லி ஒருத்தரும் நம்பாததைத் தோல் சொல்லிச்சுது.

ஸ்கானில இடப்பக்கச் சூலகத்தில சொக்லேட் சிஸ்ட், பழைய இரத்தம் தேங்கின கட்டி. வருத்தத்துக்குப் பேர் எண்டோமெற்றியோசிஸ். கர்ப்பப்பைக்கு உள்ள இருக்கவேண்டிய சுவர் மாதிரித் திசு வெளியால வளருறது, பிள்ளை பெறுற வயசில இருக்கிற பத்துப் பெண்களில ஒராளுக்கு மட்டில இருக்கு எண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. பிள்ளை பிறந்தா மாறும் எண்டது சும்மா வாற பீரியட்ஸ் நோவில சிலருக்குச் சரிவரும், இதுக்கு அது மருந்து இல்லை, எனக்கு மகள் பிறந்து ஒரு வருசத்தில பழையபடி, பழையதை விடக் கூட. இப்ப ஹோர்மோன் குளிசை போடுறன், பீரியட்ஸே வராமல் நிக்குது, பையைப் பாவிக்கிறது குறைஞ்சிட்டுது, வலை அடையாளமும் மங்கிக்கொண்டு வருது.

குளிசையைப் பற்றியும் ஒரு சொல்லு. பனடோலை விட மெஃபனமிக் அசிட், இபுபுரோஃபன் மாதிரியானதுகள் இந்த நோவுக்குக் கூடக் கேக்கும், ஏன் எண்டா அதுகள் புரொஸ்டாகிளாண்டின் சுரக்கிறதையே குறைக்கும், அதால குத்து உச்சத்துக்கு ஏறின பிறகு போடுறதை விடத் தொடங்கேக்கயே சாப்பிட்டிட்டுப் போடுறது நல்லம். அல்சர், சிறுநீரகப் பிரச்சினை, ஆஸ்துமா இருக்கிற ஆக்கள் கேக்காமல் போடப்படாது. இன்னொண்டு எங்கட ஊருக்கெண்டே சொல்லவேணும், மாரி தொடங்கினா யாழ்ப்பாணத்தில டெங்கு, காய்ச்சல் அடிக்கேக்க பீரியட்ஸும் வந்திட்டுது எண்டு இந்தக் குளிசையளைத் தொட்டிடாதேங்கோ, இரத்தப்போக்குக் கூடும். அந்த நேரம் பனடோலும் பையும்தான், கெதியா ஆஸ்பத்திரிக்குப் போங்கோ.

பைக்கு அஞ்சுக்கு நாலு குடுப்பன். வேண்டுங்கோ. ஆனா குளிசை போட்டும் நிக்காத நோ, வருசம் போகப்போகக் கூடுற நோ, பீரியட்ஸ் இல்லாத நாளிலயும் வாற நோ, அந்த நாளில மலம் போகேக்கயோ புருசனோட சேரேக்கயோ குத்துற நோ, இதில ஒண்டு இருந்தாலும் பையைக் கட்டிக்கொண்டு வீட்டில இருக்காதேங்கோ, விஓஜி கிளினிக்குக்குப் போங்கோ, முதல் போன இடத்தில கேக்காட்டி ரெண்டாவது இடத்துக்குப் போங்கோ.

வேண்டேக்க ஒரு விசயம். நல்ல பையில கழுத்துக்குக் கிட்ட ஒரு சின்னப் பூ அச்சடிச்சிருக்கும், பன்ரெண்டு இதழ். நடுவில இருக்கிற இலக்கம் செய்த வருசம், இதழ்கள் மாசம், இதழுக்குள்ள இருக்கிற புள்ளியள் கிழமை. இறப்பர் கிடந்து கிடந்து காய்ஞ்சு வெடிக்கும், என்ர முதல் பை மூண்டாம் வருசம் கழுத்தில வெடிச்சுத் தொடையில ஊத்தினது, அதால ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா மாத்துறது நல்லம், கடையில தூசி பிடிச்சுக் கிடக்கிற பழசை வேண்டிக்கொண்டு வராதேங்கோ. போன கிழமை அதே ஆஸ்பத்திரி வீதிக் கடையில நிண்டு வெளிச்சத்தில பிடிச்சுப் பாத்துத்தான் எடுத்தனான், நடுவில 24 எண்டு கிடந்தது. இப்ப கவுண்டரில ஒரு பெடியன். "ஆருக்கு அக்கா" எண்டு கேட்டான். "அக்கான்ர மகளுக்கு, பீரியட்ஸ் நோவுக்கு" எண்டன். அவளுக்குப் பதினாறு வயசு, ரெண்டு மாசமா முதல் நாள் பள்ளிக்கூடம் போகேல்லை. பைக்குள்ள கிளினிக் நாளும் நேரமும் எழுதின துண்டையும் வச்சுக் குடுத்திருக்கிறன், நான்தான் கூட்டிக்கொண்டு போறன்.