நவோதயாவா, சைனிக்கா?

பெங்களூரு அல்சூரில் பக்கத்து வீட்டு அக்கா, மத்திய அரசின் உறைவிடப் பள்ளியான நவோதயா, ராணுவப் பணிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் சைனிக் பள்ளி, இந்த இரண்டின் ஆறாம் வகுப்பு நுழைவுத் தேர்வுக்கும் ஒரே தயாரிப்பு போதுமா என்று கேட்டார். போதாது அக்கா.

நவோதயாவில் 2 மணி நேரம், 80 கேள்வி, 100 மதிப்பெண். அதில் பாதி, படம் பார்த்து விடை சொல்லும் மனத்திறன் பகுதிக்கே போய்விடும். கணக்குக்கும் மொழிக்கும் தலா 25தான். புதிர் போடப் பிடித்த பிள்ளைக்கு இதுவே சரி. ஆனால் குறைந்தது 75 சதவீத இடம் கிராமப்புறத்துக்கு. நகரத்தில் படிக்கும் நம் பிள்ளைகளுக்குப் போட்டி கடுமை.

சைனிக் பள்ளிக்கு 150 நிமிடம், 125 கேள்வி, 300 மதிப்பெண். கணக்கு மட்டுமே 150, கேள்விக்கு 3. மொழி, பொது அறிவு, நுண்ணறிவுக்குத் தலா 50. தமிழிலும் எழுதலாம்.

இரண்டிலும் தவறான விடைக்கு மதிப்பெண் குறையாது. ஒரு கேள்வியைக்கூட விடாமல் குறிக்கச் சொல்லுங்கள்.