புரொஜெக்டர் சாவி என்னிடம் இருந்தபோது

எங்கள் பள்ளிக்கு புரொஜெக்டர் வந்தது 2019-ல். அம்பாசமுத்திரம் பக்கத்து உயர்நிலைப் பள்ளி. நான் கணக்கு வாத்தியார். “இதெல்லாம் உமக்குத்தான் தெரியும்” என்று ஹெச்.எம். பீரோ சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து யாருக்கு எது ஓடவில்லை என்றாலும் கூப்பாடு எனக்குத்தான். வாங்க நினைக்கிறவர்களுக்கும், என்னை மாதிரி மாட்டிக்கொண்டவர்களுக்கும் என் அனுபவம் உதவலாம்.

முதல் செலவே தண்டம். போனிலிருந்து நேரே படம் காட்டலாம் என்று நம்பி, டைப்-சி முனையும் ஹெச்டிஎம்ஐ முனையும் உள்ள கேபிள் ஒன்றை வாங்கினேன். ஸ்டாஃப் ரூமில் இருந்த ஒரு போனிலும் படம் வரவில்லை. ஓட்டை ஒன்றுபோல இருந்தாலும், விலை குறைந்த போன்கள் பலவற்றில் அது வழியாகப் படம் வெளியே போகாது. உங்கள் மாடலுக்கு அந்த வசதி உண்டா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். நாங்கள் பழைய லேப்டாப் ஒன்றைத் தூசி தட்டி எடுத்தோம். இன்றைக்கும் அதுதான் உழைக்கிறது.

திரைக்குத் தமிழ் ஐயாவின் எட்டு முழ வேட்டி. சாரல் காலத்தில் வகுப்பறை மூட்டமாக இருக்கும், படம் பளிச்சென்று விழும். பங்குனி வெயிலில் மத்தியானத்துக்கு மேல் ஒன்றும் தெரியாது. காலை பீரியடாகப் பார்த்து மாற்றிக்கொள்வோம். இன்னொன்று, விளக்கு வைத்த புரொஜெக்டரை அணைத்த கையோடு பிளக்கைப் பிடுங்கக்கூடாது. உள்ளே இருக்கும் ஃபேன் ஓடி, சூடு தணிந்த பிறகுதான் எடுக்கவேண்டும். கரண்ட் அடிக்கடி போகிற ஊரில் அதற்கு எங்கே போக? ஒரு விளக்கு ஆயுசு முடியும் முன்னே போயேவிட்டது. 2020 மார்ச்சில் பள்ளியை மூடி, மறுபடி பெட்டியைத் திறந்தபோது உள்ளே இரண்டு பல்லி முட்டை.

பாடப் புத்தகத்தில் கியூஆர் கோடு 2018-லேயே வந்துவிட்டது. ஸ்கேன் செய்தால் வீடியோ வரும், சரி, சிக்னல் வரவேண்டுமே. வகுப்பில் நின்றுகொண்டு வட்டம் சுற்றுவதைப் பார்த்த ஆசிரியர் மறுமுறை தொடமாட்டார். அதனால் அந்தப் பாட வீடியோக்கள் இருக்கும் திக்‌ஷா செயலியில் வீட்டிலேயே டவுன்லோட் செய்துகொண்டு வரச் சொன்னேன். நான் எடுத்த பயிற்சி வகுப்புகள் எல்லாவற்றையும்விட இந்த ஒரு வரி அதிகம் பயன்பட்டது.

என் பாடத்துக்கு ஜியோஜீப்ரா என்கிற கணக்கு மென்பொருள் போதும். நெட் வேண்டாம். அரைவட்டத்தில் ஒரு புள்ளியை வைத்து இழுத்துக் காட்டுவேன். புள்ளி எங்கே போனாலும் கோணம் 90 பாகையிலேயே நிற்கும். ஒரு பையன் எழுந்து வந்து தானே இழுத்துப் பார்த்தான், ஏமாற்று வேலையோ என்று. தேற்றத்தை அப்புறம்தான் கரும்பலகையில் எழுதினேன்.

நான் செய்த தப்பு வேறு. சக ஆசிரியர் தடுமாறினால் மவுஸை வாங்கி நானே சட்டென்று முடித்துக் கொடுத்துவிடுவேன். மறுநாளும் அதே சந்தேகத்தோடு வருவார்கள். ஒருநாள் தமிழ் ஐயா சொல்லிவிட்டார்: “நீரே எல்லாத்தையும் பண்ணிட்டா, நான் எப்ப வே படிக்க?” அதற்கப்புறம் பக்கத்தில் உட்காரும்போது கையைக் கட்டிக்கொள்வேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான். ஒரு ஃபைலை பென் டிரைவுக்கு மாற்ற அவர் முழு இடைவேளையும் எடுத்துக்கொண்டார்; டீ ஆறிப்போனது. ஆனால் அடுத்த தடவை என்னைக் கூப்பிடவில்லை.

இப்போது அவர் வினாத்தாளை போனில் பேசியே டைப் செய்கிறார். மேடைத் தமிழில் நிறுத்திப் பேசினால் அநேகமாகச் சரியாக வருகிறது. நம்மூர்ப் பேச்சில் சொன்னால் கந்தல். ஒற்று விட்டுப்போனால் போனையே திட்டுவார். முதல் வினாத்தாள் அச்சகத்தில் கட்டம் கட்டமாக வந்தது. அங்கே இன்னும் பழைய எழுத்துரு, இவருடையது யூனிகோடு. பிடிஎஃப் ஆக மாற்றிக் கொடுத்ததும் தீர்ந்தது.

நான் எதிர்பார்க்காதது சமூக அறிவியல் டீச்சர். “எனக்கு இதெல்லாம் வராது சார்” என்றே இரண்டு வருஷம் ஓட்டியவர். ஒருநாள் என் ஹாட்ஸ்பாட்டை வாங்கிக்கொண்டு போய், கூகுள் எர்த்தில் தாமிரபரணியைப் பொதிகையிலிருந்து பிடித்தார். பாபநாசம், கல்லிடைக்குறிச்சி, சீவலப்பேரியில் சிற்றாறு வந்து சேரும் இடம், ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு, கடைசியில் புன்னைக்காயல் கடல். வழியில் ஒரு குளத்தைப் பார்த்ததும் பின் பெஞ்சிலிருந்து சத்தம்: “ஏல, அந்தா எங்க ஊர்க் குளம்ல!” அப்புறம் ஆளாளுக்கு அவரவர் வீட்டைக் காட்டச் சொல்ல, பெல் அடித்தும் ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை.

பீரோ சாவி இப்போது அவரிடம்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை இரண்டாவது பீரியடுக்கு எனக்கு புரொஜெக்டர் வேண்டுமென்றால் புதன்கிழமையே சொல்லிவைக்க வேண்டும். போன வாரம் கேட்டேன், கிடைக்கவில்லை.