தேங்க்ஸ்கிவிங் மேசை: எதில் விட்டுக்கொடுக்கலாம், எதில் வேண்டாம்

நவம்பர் பிறந்தாலே அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களின் வாட்ஸ்ஆப் குழுக்களில் ஒரு பயம் கிளம்பிவிடும். நவம்பரின் நான்காவது வியாழக்கிழமை வரும் வான்கோழி விருந்துப் பண்டிகையான தேங்க்ஸ்கிவிங்கில் தொடங்கிப் புத்தாண்டு முடிவதற்குள் இரண்டு மூன்று கிலோ ஏறிவிடுமாம். அவ்வளவெல்லாம் ஏறுவதில்லை. 2000-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வில், நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி தொடக்கம் வரை பெரியவர்களுக்குக் கூடிய எடை சராசரியாக 0.37 கிலோதான். அரைக் கிலோகூட இல்லை. ஆனால் அப்படி ஏறியது அடுத்து வந்த மாதங்களில் இறங்கவும் இல்லை. வருடா வருடம் இது சேர்ந்துகொண்டே போனால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆகவே ஒரு வியாழக்கிழமைச் சாப்பாட்டைப் பார்த்து மிரளவும் வேண்டாம், பிடித்ததையெல்லாம் வெட்டவும் வேண்டாம். அந்த மேசையில் ஒன்றுக்கொன்று போட்டியாக நிற்கும் பண்டங்களை ஜோடி ஜோடியாக எடுத்துப் பார்ப்போம். சில ஜோடிகளில் வித்தியாசம் பேச்சுக்குத்தான் இருக்கும். அங்கே நாக்கு சொல்வதைக் கேட்கலாம். சிலவற்றில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். அங்கேதான் யோசிக்க வேண்டும். கீழே வரும் கலோரிக் கணக்கெல்லாம் தோராயம். வீட்டுக்கு வீடு கைப்பக்குவம் மாறும், அளவும் மாறும்.

நெஞ்சுக் கறியா, தொடைக் கறியா?

அதிகம் சண்டை நடக்கும் இடம் இது. சண்டைக்கு அவசியமே இல்லாத இடமும் இதுதான். தோலில்லாத வான்கோழி நெஞ்சுக் கறியில் 100 கிராமுக்குச் சுமார் 150 கலோரி, தொடைக் கறியில் சுமார் 175. இந்த 25 கலோரிக்காக வறண்ட நெஞ்சுக் கறியை மென்று தண்ணீர் குடித்து இறக்க வேண்டுமா? தொடையில் இரும்புச் சத்தும் துத்தநாகமும் வேறு கூடுதல். கவனிக்க வேண்டியது தோலைத்தான். மொறுமொறுவென்று இருக்கும் அந்தத் தோலில் 100 கிராமுக்கு 400 கலோரியைத் தாண்டும். ஒரு துண்டு ருசி பார்க்கலாம், தட்டை நிரப்ப வேண்டாம்.

வான்கோழி சாப்பிட்டால் தூக்கம் வருவதற்கு அதிலுள்ள டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம்தான் காரணம் என்று வருடம் தவறாமல் யாராவது சொல்வார்கள். சாதாரணக் கோழியிலும் அது ஏறக்குறைய அதே அளவுதான் இருக்கிறது. தூக்கம் வருவது சாப்பிட்ட மொத்த அளவினால்.

வாங்கும்போது பார்க்க வேண்டிய இன்னொரு ஜோடி உண்டு. சில வான்கோழிகளுக்குள் உப்புநீர் ஏற்றித்தான் விற்கிறார்கள். எத்தனை சதவீதக் கரைசல் சேர்த்தது என்று உறையில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். ரத்த அழுத்தம் உள்ளவர் வீட்டில் இருந்தால் கரைசல் ஏற்றாததை வாங்கி, உப்பை நம் கையால் போடுவது நல்லது.

அடுப்பில் வாட்டுவதா, எண்ணெயில் பொரிப்பதா?

கலோரி என்று பார்த்தால், தோலை உரித்துவிட்டால் இரண்டுக்கும் பெரிய தூரமில்லை. எண்ணெயில் பொரித்தால் பவுண்டுக்கு மூன்று நான்கு நிமிடம்தான் என்பதால் நேரமும் மிச்சம். ஆனாலும் என் ஓட்டு ஓவனுக்குத்தான், காரணம் தீ. அமெரிக்காவில் சமையலால் வீடுகளில் தீப்பிடிப்பது வருடத்திலேயே தேங்க்ஸ்கிவிங் அன்றுதான் அதிகம் என்கிறது தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம். வான்கோழியைக் கொதிக்கும் எண்ணெயில் இறக்கும் ஃபிரையர்களே வேண்டாம் என்பதும் அவர்கள் பேச்சு. சரியாக உருகாத பறவையை எண்ணெயில் இறக்கினால் பனிக்கட்டி ஆவியாகி எண்ணெய் பொங்கி வழியும். கீழே அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்.

உருக வைக்கும் கணக்கு இதுதான்: ஃபிரிட்ஜில் நான்கைந்து பவுண்டுக்கு ஒரு நாள். 16 பவுண்டு பறவை என்றால் ஞாயிற்றுக்கிழமையே ஃப்ரீசரிலிருந்து கீழே இறக்கிவிட வேண்டும். புதன்கிழமை இரவுதான் நினைவு வந்தது என்றால் குளிர்ந்த நீரில் முக்கி, அரை மணிக்கு ஒரு தடவை தண்ணீரை மாற்ற வேண்டும், பவுண்டுக்கு அரை மணி வீதம். அதே 16 பவுண்டுக்கு எட்டு மணி நேரம், அதாவது தூக்கம் போச்சு. எப்படிச் சமைத்தாலும் உள்ளே சூடு 165 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட வேண்டும். வயிற்றுக்குள் ரொட்டி ஸ்டஃபிங் அடைத்திருந்தால் அதன் நடுப்பகுதியும் 165-ஐத் தொட வேண்டும். அதற்காகக் காத்திருந்தால் கறி வறண்டுபோகும் என்பதால் ஸ்டஃபிங்கைத் தனித் தட்டில் வேகவைப்பதே மேல். கறியிலிருந்து இறங்கும் கொழுப்பையும் அது குடிக்காது.

சர்க்கரைவள்ளி: மார்ஷ்மெல்லோவோடா, தனியாகவா?

தட்டின் தலையெழுத்தைத் தீர்மானிப்பது பக்க உணவுகள்தான். அதில் முதல் இடம் இதற்கு. நடுத்தர அளவுக் கிழங்கு ஒன்றைச் சும்மா சுட்டால் சுமார் 100 கலோரி. ஒரு நாளைக்கு வேண்டிய வைட்டமின் ஏ மொத்தமும் அதிலேயே கிடைத்துவிடும். இப்படிப்பட்ட கிழங்கை மசித்து, வெண்ணெய் போட்டு, பிரவுன் சுகர் கொட்டி, மேலே மார்ஷ்மெல்லோ என்ற பஞ்சுபோன்ற சர்க்கரை மிட்டாயைப் பரப்பி ஓவனில் வைத்துக் காய்கறி என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். அழுத்தி அளந்த ஒரு கப் பிரவுன் சுகரில் 830 கலோரி, சின்ன மார்ஷ்மெல்லோ ஒரு கப்பில் 160. வெண்ணெய் தேக்கரண்டிக் கணக்கில் போகாது, பெரிய கரண்டிக்கு 100 கலோரி வீதம் போகும்.

இந்தக் கூட்டணி பாட்டி காலத்துப் பாரம்பரியம் என்று பலர் நம்புகிறார்கள். இதைப் பரப்பியது ஏஞ்சலஸ் மார்ஷ்மெல்லோ நிறுவனம். தங்கள் சரக்கு வீடுகளில் செலவாக வேண்டும் என்று 1917-இல் ஒரு சமையல் குறிப்புப் பிரசுரம் போட்டார்கள்; அதில் இருந்த ஒன்றுதான் இது. இதை விட்டால் மரபை மீறிவிட்டோமே என்று வருந்தத் தேவையில்லை. தோலோடு சுட்டு, பிளந்து, கொஞ்சம் வெண்ணெயும் லவங்கப்பட்டைத் தூளும் தூவிப் பாருங்கள். வெந்த கிழங்குக்கே போதுமான இனிப்பு உண்டு. ஓரத்தில் பாகு கசிந்து கருகியிருக்கும் இடம்தான் அதில் அதிகம் ருசி. குழந்தைகள் மார்ஷ்மெல்லோ கேட்டு அடம் பிடித்தால் ஆளுக்கு இரண்டு மேலே வைத்துவிடுங்கள், முடிந்தது.

மசித்த உருளை? ஒரு கப் சுமார் 240 கலோரி. மார்ஷ்மெல்லோ கிழங்கோடு ஒப்பிட்டால் சாது. இரண்டில் ஒன்றுதான் என்றால் நான் உருளைக்கிழங்கு எடுப்பேன்.

பச்சை பீன்ஸ்: காசரோலா, வதக்கலா?

1955-இல் கேம்ப்பெல் சூப் நிறுவனத்தின் சோதனைச் சமையலறையில் டார்கஸ் ரைலி உருவாக்கியது ஓவனில் வேகவைக்கும் இந்தக் காசரோல். டின் காளான் சூப், பீன்ஸ், மேலே பொரித்த வெங்காயம், அவ்வளவுதான். இதில் கலோரி பெரிய பிரச்சினை இல்லை, உப்புதான். கெட்டியான காளான் சூப் ஒரு டின்னிலேயே 2,000 மில்லிகிராமை ஒட்டி சோடியம் இருக்கும். ஒரு ஆளுக்கு ஒரு நாள் வரம்பே 2,300. டின்னை ஆறு பேர் பங்கு போட்டுக்கொள்வார்கள் என்பது சரிதான். அதே தட்டில் உப்புநீர் வான்கோழி, பாக்கெட் ஸ்டஃபிங், பாட்டில் கிரேவி எல்லாம் உட்கார்ந்திருக்கும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உப்பு இப்படிப் பல வழியாக வந்து சேர்வதால் யாருக்கும் தெரிவதில்லை.

பூண்டு தட்டிப் போட்டு வதக்கிய பீன்ஸ் இதைவிட நல்லது என்று சொல்லத் தேவையில்லை. காசரோல் இல்லாமல் விருந்தே இல்லை என்பவர்கள் உப்பு குறைத்த சூப் டின்னுக்கு மாறலாம். டின் பீன்ஸுக்குப் பதில் ஃப்ரோசன் பீன்ஸ் போட்டால் அங்கேயும் கொஞ்சம் உப்பு குறையும்.

கிரான்பெர்ரி சாஸ்: டின்னா, வீட்டில் செய்ததா?

வீட்டில் செய்தால் ஆரோக்கியம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வோம். கணக்குப் போட்டுப் பார்த்தால் சிரிப்பு வரும். டின் ஜெல்லியில் கால் கப்புக்கு 24, 25 கிராம் சர்க்கரை. பழம் வரும் 12 அவுன்ஸ் பாக்கெட்டின் பின்னால் அச்சடித்திருக்கும் முறைப்படி, ஒரு கப் சர்க்கரை போட்டு வீட்டில் கிண்டினால் கால் கப்புக்கு ஏறக்குறைய 23 கிராம். உழைப்புதான் மிச்சம்!

வீட்டில் செய்வதில் உண்மையான லாபம் சர்க்கரை டப்பா நம் கையில் இருப்பதுதான். பழத்தில் இயல்பாக இருக்கும் சர்க்கரை 100 கிராமுக்கு நான்கு கிராம்தான், அதனால் நாம் போடுவதே மொத்தக் கணக்கு. பாதிக் கப்பாகக் குறைத்து, ஒரு ஆரஞ்சின் சாறும் துருவிய தோலும் சேர்த்தால் புளிப்பு மட்டுப்படும். இப்படிச் செய்யப் பொறுமை இல்லாதவர்கள் டின்னையே திறந்து, மெல்லிசாக வெட்டி வைத்துக்கொள்ளலாம். தப்பே இல்லை.

பம்ப்கின் பையா, பெக்கான் பையா?

அன்றைய மேசையிலேயே பெரிய இடைவெளி இந்த ஜோடிக்குத்தான். பை (pie) என்பது மாவு ஓட்டுக்குள் இனிப்பு நிரப்பிச் சுடுவது. ஒன்பது அங்குலப் பையை எட்டாக வெட்டினால் பம்ப்கின் துண்டு சுமார் 320 கலோரி, ஆப்பிள் சுமார் 410, பெக்கான் 500. காரணம் லேசானது. பம்ப்கின் பையின் நடுப்பகுதி பூசணிக் கூழ், பால், முட்டை. பெக்கான் பையின் நடுப்பகுதி கார்ன் சிரப்பும் சர்க்கரையும். பருப்பு மேலே மிதக்கிறது. பெக்கான் நல்ல பருப்புதானே என்று வாதாடலாம், அதைத் தனியாக வறுத்துக் கொறித்தால் ஒப்புக்கொள்வேன்.

பூசணிக் கூழ் வாங்கும்போது ஒரு பொறி உண்டு. வெறும் கூழ் டின்னும், சர்க்கரை மசாலா சேர்த்த பை ஃபில்லிங் டின்னும் ஒரே தட்டில், ஏறக்குறைய ஒரே ஆரஞ்சு நிறத்தில் பக்கத்துப் பக்கத்தில் அடுக்கியிருக்கும். திருப்பிப் பாருங்கள்: சேர்மானத்தில் பூசணி ஒன்று மட்டும் இருந்தால் அதுதான் நமக்கு வேண்டியது. ஒரு கப் வெறும் கூழில் சுமார் 80 கலோரி, ஏழு கிராம் நார்ச்சத்து. மாவு ஓடு ஒரு துண்டுக்குச் சுமார் 120 கலோரி இழுக்கும் என்பதால், அதே கலவையைச் சின்னக் கிண்ணங்களில் ஊற்றிக் கஸ்டர்டாக வேகவைத்தால் 200-க்குப் பக்கத்தில் நிற்கும். விருந்தாளிகளில் பாதிப் பேர் மாவு ஓட்டைத் தட்டிலேயே விட்டுவிட்டுப் போவதை எல்லா வீட்டிலும் பார்க்கலாம்.

இன்னும் சில, சுருக்கமாக

ஆப்பிள் சைடரா, ஆப்பிளா? வடிகட்டாத ஆப்பிள் சாறான சைடரில் ஒரு கப்புக்கு 120 கலோரி, நார்ச்சத்து கிட்டத்தட்டப் பூஜ்யம். முழு ஆப்பிளில் 95 கலோரியும் நான்கு கிராமுக்கு மேல் நார்ச்சத்தும். தோட்டங்களில் விற்கும் பாஸ்ச்சரைஸ் செய்யாத, அதாவது கிருமி சாகச் சூடுபடுத்தாத சைடரைச் சின்னக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கவே வேண்டாம். 1996-இல் அப்படிப்பட்ட ஆப்பிள் சாற்றில் ஈ.கோலை கிருமி பரவிய பிறகுதான் புட்டியில் எச்சரிக்கை வாசகம் வந்தது. இலவங்கப்பட்டை போட்டுக் கொதிக்கவைத்துக் கொடுத்தால் பயமில்லை.

சைவர்களுக்கு என்ன? 1995 முதல் விற்கும் டோஃபர்கி, கோதுமைப் புரதமும் டோஃபுவும் சேர்ந்தது. புரதத்துக்குக் குறைவில்லை, ஆனால் பதப்படுத்திய பண்டம். ஏகார்ன் ஸ்குவாஷ் என்ற சின்னப் பூசணியைப் பிளந்து வாட்டினால் பார்க்க அழகாக இருக்கும், புரதம் இருக்காது. கொண்டைக்கடலையோ பயறோ உள்ளே நிரப்பினால் அந்தக் குறை தீரும். நான் இரண்டாவது கட்சி.

காலையில் பட்டினி கிடந்து மதியம் ஒரு பிடி பிடிப்பதா, கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் போவதா? பட்டினிக்காரர் வாசலில் வைத்திருக்கும் சிப்ஸிலேயே தோற்றுவிடுவார். ஒரு முட்டை, ஒரு துண்டு ரொட்டி சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

காலை ஓட்டமா, சாப்பிட்டபின் நடையா? தேங்க்ஸ்கிவிங் ஓட்டம் பஃபலோ நகரில் 1896-இலேயே தொடங்கியது, நல்ல வழக்கம்தான். ஆனால் 70 கிலோ எடையுள்ளவர் ஐந்து கிலோமீட்டர் ஓடிச் செலவழிப்பது சுமார் 350 கலோரி. ஒரு துண்டு பெக்கான் பைக்குக்கூட ஈடாகாது. ஓடிய தெம்பில் இரண்டு துண்டு எடுப்பவர்களே அதிகம். சாப்பிட்டு முடித்துக் குடும்பத்தோடு கால் மணி, அரை மணி நடந்தால் ரத்தச் சர்க்கரை சடசடவென்று ஏறுவது மட்டுப்படும். சர்க்கரை நோய் உள்ள மாமா, அத்தை இருக்கும் வீட்டில் சோபாவும் ஃபுட்பால் மேட்சும் இழுப்பதற்கு முன் எல்லோரையும் கிளப்பிவிடுங்கள்.

மிச்சத்தை என்ன செய்வது? மேசையிலேயே விட்டுவிட்டுப் போகிற வருகிறவர்கள் கொறிப்பதைவிட, இரண்டு மணி நேரத்துக்குள் சின்னச் சின்ன டப்பாக்களில் போட்டு ஃபிரிட்ஜில் வைப்பது வயிற்றுக்கும் நல்லது, அளவுக்கும் நல்லது. மூன்று நான்கு நாள் தாங்கும், அதாவது திங்கட்கிழமை வரை. அதற்கு மேல் என்றால் ஃப்ரீசர். எலும்பை வேகவைத்து வடித்த சாற்றை ஒரு இரவு ஃபிரிட்ஜில் வைத்தால் கொழுப்பு மேலே கட்டியாக உறைந்து நிற்கும்; கரண்டியால் வழித்துப் போட்டுவிட்டு, கேரட்டும் செலரியும் மிளகும் போட்டு வெள்ளிக்கிழமை சூப் வைத்துக்கொள்ளலாம்.