சாங்கி டு நியூவர்க் நான்-ஸ்டாப்: ஃப்ளைட்டுக்கு நாலரை ஸ்டார், தூரம் சொன்ன ஆப்புக்கு ஒண்ணு

போன ஜனவரில அமெரிக்கால, நியூ ஜெர்சி எடிசன்ல இருக்கற அக்கா வீட்டுக்குப் போனேன். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், சாங்கில ராத்திரி பதினொன்றரைக்கு மேல ஏறினா நேரா நியூவர்க்தான், நடுவுல எங்கயும் இறங்கறது இல்ல. தூரம் 15,344 கிலோமீட்டர்.

முதல்ல ஆப் கதைய சொல்லிடறேன், வயித்தெரிச்சல். ரெண்டு ஏர்போர்ட் பேர போட்டா தூரமும் நேரமும் சொல்ற ஒரு ஆப், அது 17 மணி நேரம்னு காட்டிச்சு. டிக்கெட்ட பாத்து சொல்லியிருக்கலாம்தான், சோம்பேறித்தனம், அப்படியே அத்தானுக்கு வாட்ஸப் பண்ணிட்டேன். மனுஷன் விடிகாலை மூன்றரைக்கே அந்தக் குளிர்ல வந்து கார்ல ஹீட்டர போட்டுட்டு ஒக்காந்திருக்கார், நான் இறங்கும்போது அஞ்சரை.

அப்புறம்தான் புரிஞ்சுது, அது தூரத்த மணிக்கு 900 கிலோமீட்டர் வேகம்னு வெச்சு வகுத்து கொடுக்குது, அவ்ளோதான். அந்த 15,344 இருக்கே, அது உருண்டை மேல நூல் இழுத்துப் பிடிச்ச கணக்கு, ரெண்டு ஊரும் பூமிக்கு ஏறக்குறைய அந்தப் பக்கம் இந்தப் பக்கமா இருக்கறதால அந்த நூல் வடதுருவத்த ஒட்டிப் போகும். எங்க ஃப்ளைட் அந்தப் பக்கமே போகல. ஸ்கிரீன் மேப்ல பாத்துட்டே இருந்தேன், ஜப்பான் பக்கமா வளைஞ்சு பசிபிக் மேல போச்சு, அங்க ஜெட் ஸ்ட்ரீம், அதாவது உயரத்துல வேகமா அடிக்கற காத்து, பின்னாடியிருந்து தள்ளுமாம், சுத்தினாலும் லாபம். அப்படியும் சாங்கி கேட்ல கிளம்பி நியூவர்க் கேட்ல நிக்கற வரைக்கும் 18 மணி 40 நிமிஷம் கிட்ட ஆச்சு.

பிளேன் ஏர்பஸ் ஏ350-900 யூஎல்ஆர், அதாவது ரொம்ப தூரம் பறக்கறதுக்குன்னே செஞ்ச அல்ட்ரா லாங் ரேஞ்ச் மாடல். 1,65,000 லிட்டர் எரிபொருள் புடிக்கும், சாதா ஏ350ல 1,41,000தான். மொத்தமே 161 சீட், எகானமியே கிடையாது, பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94. அதனால ரேட்டு வலிக்கும், மறைக்க மாட்டேன். ஆனா கால் நீட்ட இடம் இருக்கு, கடைசி சில வரிசைல ஓரத்துல ஒத்தை சீட் வரும், தனியா போறவங்க அத புடிச்சுக்கோங்க, பக்கத்து ஆள எழுப்பாம பாத்ரூம் போகலாம். வெஜ் சாப்பாட்ட முன்னாடியே சொல்லி வெச்சேன், சாதமும் பருப்பும் சூடாவே வந்துச்சு. காதும் பெருசா அடைக்கல.

பத்து மணி நேரம் தாண்டினதும்தான் பொறுமை போகும். "இன்னும் எட்டு"னு மேப் சொல்லும்போது தூக்கமும் வராது படமும் ஓடாது. எதிர் வரிசைல ஒரு அம்மா முந்தானைய இடுப்புல செருகிட்டு, ஸ்வெட்டர் மாட்டிட்டு, வாசல்ல நடக்கற மாதிரி பிளேன் கிச்சன் வரைக்கும் போய்ட்டு போய்ட்டு வந்தாங்க. நானும் பின்னாலயே நடந்தேன், நிஜமாவே கால் வீங்கல.

அரை ஸ்டார் ஏன் குறைச்சேன்னா அது என் முதுகுக்காக, அவங்க தப்பு இல்ல. ஆப்ப அங்கயே அன்இன்ஸ்டால் பண்ணிட்டேன். திரும்பி வரும்போது டிக்கெட்ட ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஃபேமிலி குரூப்ல போட்டேன், அத்தான் மட்டும் "இது எந்த ஆப்பு?"ன்னு கேட்டார்.