ஊருக்குப் போக அன்லிமிடெட் ரோமிங் வேண்டுமா?

இந்த முறை ஊருக்குப் போகும்போது, வேலை பார்க்கும் நாட்டு சிம்மிலேயே அன்லிமிடெட் ரோமிங் பேக் போட்டுப் பார்த்தேன். விமானம் இறங்கியதும் நெட் வந்துவிட்டது. அந்த மட்டில் குறையில்லை.

ஆனால் பேக்கோடு வரும் பொடி எழுத்தைப் படிக்க வேண்டும். அன்லிமிடெட் என்பது அளவுக்குத்தான், வேகத்துக்கு இல்லை. ஒரு நாளைக்கு இத்தனை ஜிபி வரை முழு வேகம். தாண்டினால் பல பேக்குகளில் 128, 256 கேபிபிஎஸ் என்று இறக்கிவிடுவார்கள். 128-இல் 4 எம்பி போட்டோ ஒன்று போய்ச் சேர நாலு நிமிடத்துக்கு மேல் ஆகும். வீடியோ கால் பற்றிப் பேசவே வேண்டாம். ஹெச்டி படம் ஒரு மணி நேரம் ஓடினால் 3 ஜிபி வரை தின்னும். "மாமா, ஹாட்ஸ்பாட் போடுங்க" என்று அக்கா பிள்ளைகள் வந்து நின்றால் அன்றைய கணக்கு முடிந்தது. சில பேக்குகளில் ஹாட்ஸ்பாட்டுக்கே அனுமதி இல்லை.

இன்னொன்று: ரோமிங் டேட்டா பெரும்பாலும் சிம் வாங்கிய நாட்டுக்குப் போய்த்தான் இணையத்தில் கலக்கும். அடுத்த தெருவில் இருக்கும் சித்தப்பாவிடம் வாட்ஸ்அப்பில் பேசினாலும் குரல் அவ்வளவு தூரம் சுற்றி வரும். "ஹலோ, கேக்குதா?" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்துவது இதனால்தான். இதில் ஒரு லாபமும் உண்டு. அந்த நாட்டிலிருந்தே வருகிறோம் என்று நினைத்து, அங்கத்திய பேங்க் ஆப்கள் வம்பு பண்ணுவதில்லை.

உண்மையில் என்னைத் திண்டாட வைத்தது டேட்டா இல்லை, நம்பர். டாக்ஸி, டிக்கெட், பணம் அனுப்புவது என்று எந்த ஆப்பைத் திறந்தாலும் உள்ளூர் நம்பர் கேட்கிறது. ஓடிபி அதற்குத்தான் வரும். வெளிநாட்டு நம்பரைப் பார்த்தால் டிரைவர் திருப்பிக் கூப்பிட யோசிக்கிறார். பயணிகளுக்கென்று ஆன்லைனில் விற்கும் ஈசிம்களும் (அட்டை இல்லாமல் போனிலேயே பதிந்துகொள்ளும் சிம்) இதற்கு உதவாது, பலவற்றில் டேட்டா மட்டும்தான், நம்பரே கிடையாது. பாஸ்போர்ட்டைக் காட்டி ஒரு உள்ளூர் சிம் வாங்கிய பிறகுதான் காரியங்கள் நடந்தன. வீட்டில் வைஃபை வேறு இருந்ததால், சிம்மில் சின்ன பேக்கே மிச்சமானது.

வெளிநாட்டு சிம்மைக் கழற்றிவிடக் கூடாது, அந்த நாட்டு பேங்க் ஓடிபி அதில்தான் வரும். அதில் டேட்டா ரோமிங்கை மட்டும் அணைக்க வேண்டும். சிக்னல் குறைந்தால் டேட்டா அடுத்த சிம்முக்குத் தானாகத் தாவும் வசதி சில போன்களில் இருக்கிறது, அதையும் அணைத்துவிடுங்கள். வாய்ஸ்மெயிலையும் நிறுத்திவிடலாம், எடுக்காத அழைப்புக்குக்கூட ரோமிங் கட்டணம் விழ வாய்ப்புண்டு.

துக்கச் செய்தி கேட்டு ஓடி வந்து இரண்டே நாளில் திரும்புகிறவருக்கும், வழியில் நாலு நாடு தொட்டு வருகிறவருக்கும் அன்லிமிடெட் ரோமிங் சரி. வாரக்கணக்கில் தங்குகிறவர் உள்ளூர் சிம் வாங்குவதே மேல். கிளம்பும் முன், உங்கள் போன் ஒரே கம்பெனியின் சிம்முக்கு மட்டும் என்று லாக் செய்யப்படாததுதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். லாக் இருந்தால் உள்ளூர் சிம் அதில் வேலை செய்யாது.