தபுலா ராசா: கடைசி 'சா' வராத இசைத்தட்டு

ஒலிப்பதிவுதான் என் பிழைப்பு. எந்த இசைத்தட்டைப் போட்டாலும் மைக்கை எங்கே வைத்திருப்பார்கள் என்றுதான் காது முதலில் தேடும். இசையமைப்பாளர் ஆர்வோ பார்ட்டின் 'தபுலா ராசா' தட்டில் அதை மறந்துவிட்டேன்.

எஸ்தோனியாக்காரரான பார்ட்டும் ஆரம்பத்தில் அந்நாட்டு வானொலியில் ஒலிப்பதிவு செய்தவர். அது தெரிந்ததிலிருந்து அவர்மேல் தனிப் பிரியம். இளமையில், பன்னிரண்டு சுரங்களுக்கும் சம இடம் தரும் பன்னிரு சுர முறையில் எழுதினார். ஜெர்மன் இசைமேதை பாக்கின் பிரெலூட் (சிறு முன்னிசை) ஒன்றை வைத்து 1968-ல் எழுதிய 'கிரெடோ' சோவியத் அதிகாரிகளுக்கு ஆகவில்லை. அதன்பின் சில வருடம் மிகக் குறைவாகவே எழுதினார். கிரிகோரியன் எனும் பழைய தேவாலயப் பாடல்களிலேயே மூழ்கிக் கிடந்தார். 1976-ல் தனக்கென ஒரு வழியோடு வந்தார்: ஒரு குரல் சுரம் சுரமாக நடக்கும், கூடவே இன்னொன்று மூன்றே சுரங்களை மணிபோலத் தொட்டுக்கொண்டிருக்கும்.

ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனின் நினைவாக எழுதிய 'காண்டஸ்' இந்தத் தட்டில் வெறும் ஐந்து நிமிடம். நம் காதுக்கு நடபைரவி அவரோகணம். அதையே ஒவ்வொரு தந்திக் குழுவும் முந்தையதைவிட இரண்டு மடங்கு மெதுவாக இறங்குகிறது. முடிவில் எல்லோரும் ஒரே கூட்டுச் சுரத்தில் அழுத்தி நிற்கும்போது, அதன் அடியில் யார் காதிலும் விழாதபடி மணியை மெல்லத் தட்டிவிடுகிறார்கள். தந்திகள் சட்டென்று நின்றதும் நாதம் மட்டும் மிஞ்சுகிறது. இத்தனை வருடத்தில் இப்படி ஒரு முடிவை நான் பதிவு செய்ததில்லை.

'ஃப்ராட்ரஸ்' இரண்டு வடிவங்களில் வருகிறது. கிடோன் க்ரெமர் வயலினும் கீத் ஜாரெட் பியானோவும் சேர்ந்தது எனக்குக் கொஞ்சம் ஆவேசம் அதிகம். 12 செல்லோக்கள் வாசிப்பது போதும்.

தலைப்புப் படைப்பு 1977-ல் பான் நகரக் கச்சேரியில் நேரடியாகப் பதிவானது. தந்திகளுக்கிடையே திருகாணி செருகிய பியானோவை வாசிப்பவர் ஆல்ஃப்ரெட் ஷ்னிட்கே, அவரே பெரிய இசையமைப்பாளர். இரண்டாம் பகுதி 'சைலென்டியம்' கிட்டத்தட்ட 17 நிமிடம். கடைசியில் டபுள் பாஸ் எனும் பெரிய தந்தி வாத்தியம் மட்டும் தனியாகக் கீழே இறங்கி, 'சா'வைத் தொடாமலே நின்றுவிடும்.

1984-ல் ஜெர்மன் இசைத்தட்டு நிறுவனமான இசிஎம் தன் 'நியூ சீரிஸ்' வரிசையை இதை வைத்துத்தான் தொடங்கியது. வாங்குபவர்கள் ஹெட்ஃபோனில், ராத்திரியில் கேளுங்கள். தட்டு முடிந்ததும் உடனே எழுந்துவிடாதீர்கள், அந்த 'சா' நமக்குள்ளே வர ஒரு நிமிடம் பிடிக்கும்.